சூடு ஆறுவதற்குள்

“கேட்டுவிடேன்.”

“எப்படிக் கேட்கிறது, தீதி?”

“வாயால்தான். வேறு எதனால் கேட்பாய்?”

“கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது? அவராக, ‘வா, நீயும் உட்கார்’ என்று சொல்ல வேண்டும்.”

“அவராகச் சொல்லாவிட்டால்?”

“சொல்ல வைப்பேன்.”

தருலதா சிரித்த சிரிப்பில் அவள் தோளில் கிடந்த சாவிக்கொத்து குலுங்கியது. துர்கா பூஜை முடிந்த வாரத்தில், இரண்டு மொட்டை மாடிகளுக்கு நடுவே இருந்த கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர்கள் பேசிய பேச்சு அது. அக்கா முறையில் அவளைத் ‘தீதி’ என்று அழைக்கும் பாகீரதி அதை அடிக்கடி நினைத்துக்கொள்வாள். முக்கியமாக, மாடியில் குமுட்டி அடுப்பை விசிறும்போது. தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் அவ்வளவு தைரியமாக ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டோமே என்று இருக்கும். சொன்னதைச் செய்தே தீர வேண்டும் என்றும் இருக்கும்.

அவள் ஆசைப்பட்டது சின்ன விஷயம். கணவனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் அது நடக்காத காரியம். அங்கே முதலில் ஆண்கள், பிறகு குழந்தைகள், பிறகு மாமியார், எல்லோரும் எழுந்த பிறகு மருமகள்கள். அது யாருக்கும் குறையாகத் தோன்றியதில்லை, பாகீரதிக்கும்தான். அனந்தகிருஷ்ணனுக்கு கல்கத்தாவில், அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் வேலையாகி, அவர்கள் இருவர் மட்டும் ரயிலேறிய பிறகுதான் எல்லாம் கெட்டது. வண்டியில் பந்தி ஏது? ஒரே பொட்டலத்துப் புளியோதரையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எடுத்துச் சாப்பிட்டார்கள். வறுத்த மிளகாயை அவன் அவள் பக்கம் தள்ளினான். அவள் திரும்ப அவன் பக்கம் தள்ளினாள். சாப்பிடும்போது அவன் இவ்வளவு பேசுவான், இவ்வளவு சிரிப்பான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

காளிகாட்டில், கோயிலுக்குப் பின்னாலிருந்த சந்தில், மாடிப் போர்ஷனில் குடிவந்த அன்றே பழைய ஒழுங்கு திரும்பி வந்துவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. அவன் மணையில் உட்கார்ந்தான். அவள் கரண்டியோடு நின்றாள். சாப்பிட்டு எழுந்து, கையை அலம்பிக்கொண்டே, “நீ சாப்பிடலையா?” என்று கேட்டான். அன்று தொடங்கி தினமும் கேட்டான். அலம்பின கையோடு கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

பக்கத்து வீட்டுத் தருலதாவின் குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தது. கணவர் கல்லூரி ஆசிரியர். அவர்கள் வீட்டில் மேஜை போட்டு, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னல் வழியே பாகீரதி அதைப் பார்த்தாள். தருலதா ஒரு தட்டைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள். தட்டின் மேல் மூடி போட்டாற்போல மாவுத் தகடு, பொன்னிறமாக. கத்தியால் அதைக் கீறினவுடன் ஆவி குபுக்கென்று கிளம்பியது. சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தன.

“அது பை,” என்றாள் தருலதா மறுநாள். “இங்கிலீஷ்காரர்கள் மாமிசம் வைத்துச் செய்வார்கள். நான் வீட்டில் மிஞ்சிய காய்கறியை வைத்துச் செய்கிறேன். ஆனால் ஒன்று, அறுத்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். காத்திருந்தால் கெட்டது.”

பாகீரதிக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமாக இருந்தது. சாதம் காத்திருக்கும். ரசத்தைத் திரும்பச் சுடவைக்கலாம். இது காத்திருக்காது. காத்திருக்காத பலகாரத்தை நடுவில் வைத்துவிட்டால், அவராகவே ‘நீயும் உட்கார்’ என்று சொல்லித்தானே ஆக வேண்டும்?

‘பை’ என்ற பெயர் அவளுக்கு நாக்கில் ஒட்டவில்லை. மூடுபலகாரம் என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள்.

முதலில் செய்தது ஒன்றும் உருப்படவில்லை. நெய்யை உருக்கி மாவில் ஊற்றிப் பிசைந்தாள். ஊரில் நெய் என்றால் உருகியதுதான். கெட்டி நெய்யை எடுத்துச் சமைக்க யாருக்குத் தெரியும்? கல்கத்தாக் குளிரில் காலையில் நெய் ஜாடிக்குள் வெண்ணெய்போல் உறைந்து கிடந்தது. அதைத் தணலில் காட்டி இளக்குவதே அவளுக்குத் தினமும் ஒரு வேலையாக இருந்தது. தருலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

“உறைந்த நெய்யைத்தான் கடவுளே உனக்குத் தயாராக வைத்திருக்கிறாரே, அதை எதற்கு உருக்குகிறாய்? அப்படியே உதிர்த்து மாவில் போடு. கை சூடு படக்கூடாது.”

போட்டாள். மேலோடு உதிர்ந்து வந்தது. ஆனால் நெய் நிறையப் பிடித்தது. அனந்தகிருஷ்ணனின் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிற குடித்தனத்தில் அது கட்டுமா? அதற்கு பாகீரதியே ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணங்களில் பதிர்பேணி இடும்போது, அரிசி மாவையும் கொஞ்சம் நெய்யையும் நுரைக்க நுரைக்கத் தேய்த்து, அந்தக் குழைவைச் சப்பாத்திகளுக்கு நடுவில் தடவிச் சுருட்டி இடுவார்கள். பதிர் பதிராகப் பிரியும். அதையே இதற்கும் செய்தாள். கால் பங்கு நெய்யில் காரியம் முடிந்தது. பூரணத்துக்குக் காலையில் மிஞ்சிய கறி, காலிப்ளவர் தண்டு, பட்டாணித் தோலின் உள்சதை, எது இருக்கிறதோ அது. இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிக் காயவைத்து, அதன்மேல் ஈயம் பூசிய தட்டை இறக்கி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் பரப்பினாள். அடியிலும் மேலுமாகச் சூடு ஏறியது. தருலதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, “எனக்கே சொல்லித் தருவாய் போலிருக்கிறதே!” என்றாள்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். டிராமிலிருந்து இறங்கி வந்தவன் முன்னால் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

“இதென்னடி பாகீ, கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி?”

“பலகாரம்.”

“உள்ள?”

“கீறிப் பாருங்கோ.”

கீறினான். ஆவி கிளம்பியது. குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “அட, காலம்பரக் கறி! சட்டை தலைப்பா எல்லாம் மாட்டிண்டு ஆபீசுக்குக் கிளம்பிடுத்தா?”

“பரிகாசம் பண்ணாதேங்கோ. சூடு ஆறிடும்.”

“ஆமாமா, ஆறப்படாது,” என்று சாப்பிட ஆரம்பித்தான். அவள் நின்றாள். இதோ இப்போது நிமிர்ந்து பார்ப்பார், இதோ சொல்வார் என்று நின்றாள். அவன் பாதியைச் சாப்பிட்டான். அவளுக்கென்று பாதியை ஒழுங்காக நகர்த்தி வைத்தான். எழுந்து போய்க் கையை அலம்பிக்கொண்டே கேட்டான்:

“நீ சாப்பிடலையா?”

அவள் எச்சில் இடத்தை மெழுகி, அவனுக்குக் காப்பி கலந்து கொடுத்து, அவன் வேஷ்டியை உலர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது மேலோடு நமுத்துப்போய் ஈரத்துணிபோல் படிந்திருந்தது. வாயில் போட்டாள். சொதசொதவென்று இருந்தது.

‘ஐயோ, இதையா அவருக்குப் போட்டோம்!’ என்று பதறிப் போனாள். ‘அதுதான் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவார்?’

அடுத்த முறை தணலைக் கூட்டினாள். அப்போதும் அவள் முறை வரும்போது நமுத்துத்தான் இருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் கூட்டினாள், நேரத்தையும் நீட்டினாள். மேலோட்டைக் கொஞ்சம் தடிமனாக இட்டாள். மார்கழி பிறந்தபோது, அவன் கடித்தால் சமையலறை வரைக்கும் ‘கடக்’ என்று சத்தம் கேட்டது. பாகீரதிக்குப் பூரிப்பாக இருந்தது. அவள் சாப்பிட உட்காரும்போதும் அது நமுக்காமல், கடித்தால் இதமாக உதிர்ந்தது. பதம் பிடிபட்டுவிட்டது!

அனந்தகிருஷ்ணனும் தன் பாதியில் ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். சாப்பிட நேரம் மட்டும் அதிகமாயிற்று. சில நாட்களாகக் காப்பியை முன்னாலேயே கேட்டு வாங்கி, அதில் நனைத்துச் சாப்பிட்டான்.

“காப்பில தோச்சா நன்னாவா இருக்கு?”

“துரைகள் எல்லாம் பிஸ்கோத்தைத் தோச்சுண்டுதான் சாப்பிடறா. அதான் நாகரிகம்.”

அவளும் நம்பினாள். ஆனால் ‘நீயும் உட்கார்’ என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. குளிர்காலத்துப் புதுப் பேரீச்சை வெல்லம் சந்தில் விற்கிறது என்று கேள்விப்பட்டு, அதில் தேங்காய்ப் பூரணம் கிளறி வைத்தாள். அப்போதும் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அவன் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியபடியே சொன்னான்: “அம்மா வரா. இங்க வேலை பாக்கற நம்மூர் வெங்கடசுப்ரமணியன் லீவு முடிஞ்சு குடும்பத்தோட திரும்பறான் இல்லையா, துணைக்கு அவா இருக்கா. பொங்கல் கழிச்சுப் புறப்படறதா ஏற்பாடு. இனிமே நம்மோடதான் இருப்பா.”

“வரட்டும், ரொம்ப சந்தோஷம்,” என்றாள் பாகீரதி. மாமியார்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் மாமியார் வந்தால் கும்பகோணமே வந்தாற்போல. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் நடக்காதது அதற்கப்புறம் எங்கே நடக்கும்? இரவு படுத்தபடி தன் மனசிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்: அதற்குள் நடந்தாக வேண்டும்.

அந்த வாரம் சனிக்கிழமை இரண்டு பலகாரம் செய்தாள். பெரியது அவனுக்கு. சின்னது, இத்தனையும் சொல்லிக்கொடுத்த தருலதாவுக்கு. மணல் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு சின்னதைச் சுவருக்கு மேல் நீட்டினாள்.

தருலதா ஆசையாக விண்டாள். வரவில்லை. சுவரில் தட்டி உடைத்தாள். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக் கடித்தவள், “ஓ மா!” என்று தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன தீதி? காரமா?”

“காரமா! செங்கல்லைச் சுட்டு வைத்திருக்கிறாய். இதையா உன் புருஷனுக்குக் கொடுக்கிறாய்?”

“எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். அவர் தன் பங்கில் ஒரு துளி மிச்சம் வைக்க மாட்டார். எனக்கும் பிடித்திருக்கிறதே.”

“நீ எப்போது சாப்பிடுவாய்?”

“அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு. இடம் மெழுகி, மற்ற வேலை எல்லாம் முடித்துவிட்டு.”

தருலதா அவளையே பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள். “அடி பைத்தியமே! ஆறி, ஈரம் ஏறி, இளகின பிறகு சாப்பிடுகிறாய். அதற்குத் தகுந்தாற்போல் சுட்டுக்கொண்டே போயிருக்கிறாய். நீ செய்த பையை நீ இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்லை. பாவம், அந்த மனிதருடைய பல்!”

பாகீரதிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு காப்பி ஞாபகம் வந்தது. துரைகள் நாகரிகம்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வார்த்தை பேசாமல் அந்தச் செங்கல்லைத் தின்றிருக்கிறார். நாமும் ஒரு வார்த்தை பேசாமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். பலகாரத்தைப் பேச வைத்தது போதும். இன்றைக்கு அவர் வந்ததும் நாமே கேட்டுவிட வேண்டியதுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. அனந்தகிருஷ்ணன் இறங்கினான். பிறகு ஒரு தகரப் பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி, அதன்பின் நார்மடிப் புடவையில் அவன் தாயார் மீனாக்ஷி அம்மாள்.

“வெங்கடசுப்ரமணியனை ஆபீஸ்ல சீக்கிரமே கூப்பிட்டுட்டாளாம். சட்டுனு கிளம்பிட்டா. வந்து எறங்கினதும் ஆபீசுக்கே ஆள் அனுப்பினான், நான் நேரா ஹௌரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்,” என்றான். பாகீரதி நமஸ்காரம் செய்தாள். ஒத்திகை பார்த்ததைச் சொல்லாமலே ஊறுகாய் ஜாடியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மீனாக்ஷி அம்மாள் பொல்லாதவள் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு. “இந்த ஊர்ல கத்தரிக்காயைக் கூட எண்ணெய்க்குள்ள முழுகடிச்சுன்னா சாப்பிடறா!” என்பாள். மருமகளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாள். ஆனால் மகன் வந்து உட்கார்ந்தால், “போடுடியம்மா, குழந்தை பசியோட வந்திருக்கான்,” என்று கதவோரம் உட்கார்ந்துகொள்வாள். அவன் எழுந்த பிறகு மாமியார் சாப்பிடுவாள். அதன் பிறகுதான் பாகீரதி. அனந்தகிருஷ்ணன் வாயிலிருந்து ‘பாகீ’ என்ற பெயரும் போய்விட்டது. ‘இந்தா’ என்றுதான் கூப்பிட்டான். ‘நீ சாப்பிடலையா?’ என்ற கேள்வியும் போன பிறகுதான், அதுவாவது இருந்ததே என்று அவளுக்குத் தோன்றியது.

பாகீரதி மூடுபலகாரம் செய்வதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் மேலே வந்தான்.

“ஏன், அந்தப் பலகாரம் பண்றதில்லையா இப்பல்லாம்?”

“வேணுமா?”

“வேணும்.”

“பல்லு தாங்குமா?”

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். “தெரிஞ்சுடுத்தா?”

“கல்லு மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நான் என்ன கடிச்சு முழுங்கிடுவேனா?”

“கடிக்கறது எங்க, அதைத்தான் கடிக்க முடியலையே!” என்றான். அவள் சிரிக்காததைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். “நீ பாட்டுக்கு வெயில்ல நின்னுண்டு, கரிப் புகையில கண்ணைக் கசக்கிண்டு பண்ணிண்டு வந்து வெக்கறே. வெச்சுட்டு என் முகத்தையே பாத்துண்டு நிக்கறே. அந்த முகத்தைப் பாத்துண்டு எப்படிச் சொல்றது? நன்னா இல்லைன்னு சொல்லி நீ விட்டுட்டா?”

“விட்டா என்ன?”

“விட்டா, நீ அப்படி வந்து நிக்க மாட்டியே.”

அவள் கையிலிருந்த துணியை மடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. கீழேயிருந்து, “டேய் அனந்து, காப்பி ஆறறதுடா!” என்று குரல் வந்தது. அவன் இரண்டு படி இறங்கி, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு பாகீரதி தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்: மாடியில், யார் காதிலும் விழாமல் ரகசியமாகச் சொல்லி என்ன பிரயோஜனம்? இது திருட்டுத்தனமாகச் செய்கிற காரியமா? அவர் தனியாக ‘சரி’ என்று சொன்னாலும், கீழே போய் அம்மாவைப் பார்த்ததும் அந்தச் ‘சரி’ நமுத்துப் போகும். கேட்டால் அம்மா இருக்கும்போதே கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாவை எடுத்தாள். உறைந்த நெய்யை உதிர்த்தாள். பதிர் தடவிச் சுருட்டி, மெல்லிசாக இட்டாள். பட்டாணியும் உருளைக்கிழங்கும் பூரணம். விரலால் தட்டினால் உப்பின பூரிபோல் வெற்றோசை வரும்போதே தணலைத் தள்ளிவிட வேண்டும் என்று தருலதா சொல்லியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அன்று யாரும் இல்லை. பாகீரதி தானே தட்டிப் பார்த்தாள். தணலைத் தள்ளினாள்.

கூடத்தில் அனந்தகிருஷ்ணன் மணையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஓர் இலைத் துண்டு. கதவோரம் மீனாக்ஷி அம்மாள் பஞ்சைத் திரித்து விளக்குக்குத் திரி உருட்டிக்கொண்டிருந்தாள்.

பாகீரதி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

“இதென்னடி, மூடி வெச்சிருக்கே? உள்ள என்ன ரகசியம்?” என்றாள் மாமியார்.

“ஒரு ரகசியமும் இல்லைம்மா. பட்டாணியும் கிழங்கும்.”

“பாக்க நன்னாத்தான் இருக்கு. போடு, போடு. ஆறிடப் போறது.”

பாகீரதி கத்தியை எடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றாள். மேலோட்டில் காற்றுப் போக இட்டிருந்த கீறல் வழியே ஆவி நூல்போல் ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன?” என்றான் அவன்.

அவள் அவனையே பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான், பக்கத்தில் காலியாக இருந்த தரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவனுக்குத் தெரியும் என்பது பாகீரதிக்கு அப்போது புரிந்தது. இன்றைக்கு இல்லை, ரொம்ப நாளாகவே தெரியும். அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அவள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை, செங்கல்லைத் தின்றவன்தானே! இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவன் வாயில் தெம்பில்லை.

ஆவி மெலிந்துகொண்டே வந்தது.

“ஏன் இப்படி மரமாட்டம் நிக்கறே? குழந்தை காத்துண்டிருக்கான்,” என்றாள் மாமியார், திரியைக் கீழே வைத்துவிட்டு.

பாகீரதி மாமியார் பக்கம் திரும்பினாள். 

“அம்மா, நீங்களும் கேளுங்கோ, அதுக்காகத்தான் உங்க முன்னால சொல்றேன்,” என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “ஏன்னா, எனக்கும் ஒரு மணை போடுங்கோ. உங்க பக்கத்துல உக்காந்து, சூடா இருக்கறச்சயே, உங்களோட சேந்து நான் சாப்பிடணும்.”